வெளிநாட்டுப் பணமும் கடைக் கணக்கும்

நம் வணிகர்கள் பலருடைய பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தைக் கடையின் கரண்ட் அக்கவுண்டிலேயே வாங்கிச் சரக்குக்குப் போட்டுவிடுகிறோம். பிறகு வருமான வரித்துறை கேட்டால், அது விற்பனைப் பணமா, மகன் பணமா என்று காட்ட ஆதாரம் இருப்பதில்லை. விளக்கம் காட்ட முடியாத வரவுக்கு விதிக்கப்படும் வரி மிகக் கடுமையானது.

உண்மையில், மகன் தகப்பனாருக்குத் தரும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவானாலும், வரி கிடையாது. உறவினரல்லாதார் தருவது ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகைக்கும் வரி உண்டு.

ஆகவே பணத்தை நம் சேமிப்புக் கணக்கில் வங்கி மூலமே வாங்குவோம். மகனிடம் அன்பளிப்புக் கடிதம் பெறுவோம். அதன்பின் சொந்த முதல் என்று பேரேட்டில் வரவு வைத்துக் கடைக்குக் கொண்டுவருவோம். கடனாகத் தந்தால் கடன் என்றே எழுதுவோம்.

மகன் தன் சேமிப்பை என்.ஆர்.இ. கணக்கில் வைத்தால், வெளிநாட்டில் வசிக்கும்வரை வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. கணக்கு வட்டியிலோ 30 சதவீத வரியும் செஸ்ஸும் பிடிப்பார்கள்.

பிள்ளை வெயிலில் உழைத்து அனுப்பிய பணம், ஒரு காகிதம் இல்லாத குறையால் கரைந்துபோகலாமா? வணிகர்கள் இன்றே தங்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்ள வேண்டுகிறோம்.