அமைச்சரவையைக் கலைத்த வம்புப் பேச்சு! அமெரிக்காவை ஆட்டிவைத்த கதை

திண்ணை வம்பு ஒரு நாட்டின் அமைச்சரவையைக் கலைக்குமா? அமெரிக்காவில் கலைத்திருக்கிறது!

1828 அதிபர் தேர்தல். ஜான் குவின்சி ஆடம்ஸை எதிர்த்து நின்றவர் ஆண்ட்ரூ ஜாக்சன். பிரசாரத்தில் சந்திக்கு இழுக்கப்பட்டவர், ஜாக்சனின் மனைவி ரேச்சல். முதல் கணவருடன் விவாகரத்து முடிந்துவிட்டது என்று நம்பித்தான் ஜாக்சனை மணந்தார் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். முடியவில்லை என்று தெரிந்ததும், 1794-ல் மறுபடியும் முறைப்படி திருமணம் செய்துகொண்டார்கள். 34 வருடப் பழங்கதையைத் தோண்டியெடுத்து, ரேச்சலை ‘நடத்தை கெட்டவர்’ என்று எழுதின ஆடம்ஸ் ஆதரவுப் பத்திரிகைகள். ஜாக்சன் தரப்பும் சும்மா இல்லை. ரஷ்யாவில் தூதராக இருந்தபோது, ஜார் மன்னருக்குப் பெண் பிடித்துக் கொடுத்தவர் ஆடம்ஸ் என்று ஆதாரமில்லாமல் கதை கட்டியது.

ஜெயித்தது ஜாக்சன்தான். ஆனால், அவர் பதவியேற்கும் முன்பே, டிசம்பர் 22 அன்று ரேச்சல் இறந்துபோனார். அவதூறுதான் மனைவியைக் கொன்றது என்றே ஜாக்சன் நம்பினார்.

அடுத்த வம்பு

ஜாக்சனின் போர்த்துறை அமைச்சர் ஜான் ஈட்டன். அவர் மணந்த பெக்கி, கடற்படையில் பணியாற்றிய கணவரை 1828-ல் இழந்தவர். சில மாதங்களிலேயே, 1829 ஜனவரியில் மறுமணம். ‘கணவர் இருக்கும்போதே இருவருக்கும் பழக்கம்’ என்று தலைநகரில் கிசுகிசு கிளம்பியது. துணை அதிபர் கால்ஹூனின் மனைவி ஃப்ளோரைடு, பெக்கியை ஒதுக்கிவைத்தார். அமைச்சர்களின் மனைவிகள் பலரும் அவர் வழியிலேயே போனார்கள். ரேச்சலுக்கு நடந்ததே பெக்கிக்கும் நடக்கிறது என்று கொதித்த ஜாக்சன், பெக்கியின் நல்ல பெயரைக் காக்க அமைச்சரவைக் கூட்டமே நடத்தினார். பலனில்லை. 1831-ல் ஒருவரைத் தவிர எல்லா அமைச்சர்களும் பதவி விலகினார்கள்.

லாபம் யாருக்கு?

மனைவியை இழந்தவரான வெளியுறவு அமைச்சர் மார்ட்டின் வான் பியூரன், பெக்கியை மரியாதையாக நடத்தி ஜாக்சனின் மனதில் இடம்பிடித்தார். ஏற்கெனவே கொள்கை மோதலால் விலகியிருந்த கால்ஹூன் இன்னும் தூரமானார். 1832 தேர்தலில் துணை அதிபர், 1836-ல் அதிபர் என ஏறிப்போனவர் வான் பியூரன்தான்.

அரசியலில் வம்புக்கு இருக்கும் பலமே இதுதான். கொள்கையை எதிர்க்கக் கணக்கு வேண்டும். குடும்பத்தைப் பேச வாய் போதும். மறுத்தால் இன்னும் பரவும். மௌனமாக இருந்தால் உண்மை என்பார்கள்.

தேர்தல் நேரத்தில் ஒரு தலைவரின் வீட்டுப் பெண்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதனால் யாருக்கு லாபம்?