‘ரன்’: ஓடுவதும் ஓட்டுவதும்

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த சொல் ‘செட்’ ஆகும். பின்னர் தொடங்கிய திருத்தப் பணியில் அந்த இடத்தை 2000இல் ‘மேக்’ என்ற வினையும், 2007இல் ‘புட்’ என்பதும் பிடிக்க, 2011இல் இவற்றையெல்லாம் பின்தள்ளியது ‘ரன்’. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. அகராதியியலாளர் பீட்டர் கில்லிவர் அந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதங்கள் உழைத்தார்.

இத்தனை பொருள்கள் குவிந்ததற்கான காரணத்தில் ஒரு பகுதி சொல்லின் பிறப்பிலேயே உள்ளது. பழைய ஆங்கிலத்தில் ஓடுதலையும் நீர் பாய்தலையும் குறித்த தன்வினை ஒன்றும், அதே வேரிலிருந்து கிளைத்து, குதிரையேறி விரைதலைக் குறித்த பிறவினை ஒன்றும் தனித்தனியே வழங்கின. தமிழில் ‘ஓடு’ என்பதும் ‘ஓட்டு’ என்பதும் வடிவத்தால் வேறுபட்டு நிற்பதைப் போன்றதே இது. ஜெர்மன் மொழி தன் இணைச்சொற்களை ‘ரின்னன்’, ‘ரென்னன்’ என இன்றும் பிரித்தே வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலோ இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. அதனால் இயந்திரம் ஓடுவதற்கும், அதை ஒருவர் இயக்குவதற்கும், அந்த ஆலையையே நடத்துவதற்கும் ‘ரன்’ ஒன்றே போதுமானதாயிற்று. ஒரு வேறுபாட்டை இழந்ததே இச்சொல்லுக்கு ஆதாயமாக முடிந்தது எனலாம்.

தொழிற்புரட்சிக்குப் பின் ரயில், ஆலை இயந்திரம், இறுதியில் கணினி நிரல் என ஒவ்வொரு புதுமையும் இச்சொல்லையே நாடியது. மூக்கு ஒழுகுவது, துணியின் சாயம் கரைந்து பரவுவது ஆகியவை நீர்ப்பாய்ச்சல் என்ற பழம்பொருளின் வாரிசுகள். அசைவே இல்லாத வேலியும்கூட வயலைச் சுற்றி ‘ஓடுகிறது’. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு ஓடுகிறார். பிரிட்டனில் அவர், தமிழ் வழக்கில் போலவே, நிற்கிறார்.

பெயர்ச்சொல்லாக வரும்போது பொருள் இன்னும் விலகிச் செல்கிறது. வங்கியின் மீது நம்பிக்கை இழந்த வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டுத் திரள்வதும் ‘ரன்’தான். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக்கு இந்நிலை ஏற்பட்டபோது, 1866இல் இதேபோல் ஓவரெண்ட் கர்னி என்ற நிதி நிறுவனம் வீழ்ந்த நிகழ்வு பலராலும் நினைவுகூரப்பட்டது. ஓட்டம் என்று பெயர் பெற்ற அந்த 2007 நிகழ்வில், மக்கள் செய்ததெல்லாம் நெடிய வரிசையில் நின்றது மட்டுமே.

தமிழ் வாசகருக்கு இச்சொல் பெரிதும் அறிமுகமானது கிரிக்கெட் வழியாகத்தான். தமிழ்நாட்டு நாளிதழ்கள் ‘ரன்’ என்றே அச்சிட, இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘ஓட்டம்’ என எழுதுகின்றன. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் மட்டையாளர் ஓர் அடிகூட ஓடாமலே நான்கு ஓட்டங்கள் கணக்கில் சேர்கின்றன. இம்முரண்பாடு ‘ரன்’ என்ற வடிவத்தில் மறைந்துவிட, ‘ஓட்டம்’ என்று படிக்கும்போது மட்டுமே வெளிப்படுகிறது.