தலைக்கணக்கும் வம்சக் கணக்கும்

ஒரு வனத்தில் எத்தனை வகை ஜீவராசிகள் வாழ்கின்றன என்று கேட்டால், அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி ஒரு தொகையைச் சொல்லிவிடுவதே நெடுங்காலமாக வழங்கிவரும் முறை. நூறு இனங்கள் உள்ள வனம் ஐம்பது இனங்கள் உள்ள வனத்தைவிட இருமடங்கு செல்வமுடையது என்று அந்தக் கணக்குக் கூறும். கூட்டலில் பிழை இல்லை. ஆயினும், கல்யாணப் பந்தியில் அமர்ந்திருக்கும் பத்துப் பேரும் உடன்பிறந்தவர்களாக இருப்பதற்கும், பத்து ஊர்களிலிருந்து வந்த பத்துக் குலத்தாராக இருப்பதற்கும் உள்ள பேதத்தை அந்தத் தலைக்கணக்கு எங்ஙனம் காட்டும்?

இந்தப் பேதத்தின் முக்கியத்துவத்தை உணர்த்துவதற்கென்றே பிறந்தது போன்ற ஒரு பிராணி நியூஸிலாந்து தேசத்துக் கரையோரத் தீவுகளில் வாழ்கிறது. முதுகில் முள்வரிசை உடைய அதனை மாவோரி மக்கள் டுவாட்டாரா என்று அழைக்கிறார்கள். 1831இல் அதை வர்ணித்த ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேய அறிஞர், அதன் மண்டையோட்டைக் கண்டு அதனை ஓணான் வர்க்கத்தில் சேர்த்துவிட்டார். 1867இல் ஆல்பர்ட் குந்தர் என்பவர் அதன் எலும்புக்கூட்டை ஆராய்ந்தபோதுதான், அது ஓணானும் அன்று, பல்லியும் அன்று, தனக்கென்று ஒரு வம்சமுடைய ஊர்வன என்பது விளங்கிற்று. பாம்புகளும் பல்லிகளும் தோன்றிய கிளையிலிருந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதன் முன்னோர் பிரிந்துவிட்டனர். அந்த வம்சத்தில் ஒரு காலத்தில் பற்பல இனங்கள் உலகெங்கும் பரவியிருந்தன என்பதைக் கல்லாய்ச் சமைந்த எலும்புகள் காட்டுகின்றன. இன்று எஞ்சி நிற்பது டுவாட்டாரா ஒன்றே. பதினாயிரத்துக்கு மேற்பட்ட பல்லி, பாம்பு இனங்களில் ஒன்று அழிவதும், இந்த ஒன்று அழிவதும் தலைக்கணக்கில் சமமே, உண்மையில் சமமாகுமோ?

இவ்வினாவுக்குக் கணித ரூபத்தில் விடை தந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேனியல் ஃபெய்த். அவர் 1992இல் வெளியிட்ட கட்டுரையில் கூறிய அளவையை நாம் கொடிவழிப் பன்மை எனலாம். உயிரினங்களின் வம்ச விருக்ஷத்தை வரைந்து, ஓர் இடத்தில் வாழும் இனங்களை இணைக்கும் கிளைகளின் நீளங்களையெல்லாம் கூட்டிவிடுவதே அந்த அளவை. அ, ஆ என்ற இரண்டு இனங்கள் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றையொன்று பிரிந்தன என்றும், அவ்விரண்டின் முன்னோர் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இ என்ற மூன்றாம் இனத்தின் முன்னோரைப் பிரிந்தனர் என்றும் கொள்வோம். அப்போது மூன்றின் கிளைகளும் சேர்ந்து 21 கோடி ஆண்டுகள் ஆகும். அ அழிந்தால் நஷ்டம் 1 கோடி. இ அழிந்தாலோ 10 கோடி. இரண்டை மட்டுமே காக்க இயலும் என்ற இக்கட்டு நேர்ந்தால், அ, ஆ இரண்டையும் காப்பவருக்கு 11 கோடி ஆண்டுச் சரித்திரம் மிஞ்சும். அ, இ இரண்டையும் காப்பவருக்கு 20 கோடி மிஞ்சும்.

பழமையின் மீதுள்ள அபிமானம் மட்டும் இதற்குக் காரணமன்று. நெருங்கிய உறவினங்கள் பெரும்பாலான குணங்களைப் பொதுவாகக் கொண்டிருக்கின்றன. நெடுங்காலம் தனித்து வந்த இனமோ வேறெங்கும் காணாத குணங்களைத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கக்கூடும். பசிபிக் கரையோர யூ மரத்தின் பட்டையில் புற்றுநோய்க்கு மருந்தாகும் டாக்ஸால் கிடைத்தபின், அதைச் செய்வதற்கான மூலப்பொருளை அதன் உறவாகிய ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து பெற முடிந்தது. அந்த வம்சமே அற்றுப்போயிருந்தால், தேடுவதற்கு இடமே இருந்திராது.

பிதுரார்ஜித சொத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொள்வது போல, ஒரு கிளையின் நீளத்தை அதிலிருந்து தோன்றி இன்று வாழும் இனங்களுக்குச் சமமாகப் பங்கிடும் முறையும் உண்டு. பங்காளிகள் மலிந்த வம்சத்தில் ஒவ்வொருவர் பங்கும் சிறுக்கும். ஒற்றை வாரிசுக்கு முழுச் சொத்தும் சேரும். இந்தப் பங்கையும் அழிவின் அபாயத்தையும் சேர்த்துக் கணித்து, உதவி எவற்றுக்கு முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தும் எட்ஜ் என்ற திட்டத்தை லண்டன் விலங்கியல் சங்கம் 2007இல் தொடங்கியது.

அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் பிரதேசத் தாவரங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் வெளிவந்தது. சுமார் 9,000 தாவர இனங்கள் உள்ள அந்த நிலத்தில், மேற்குப் பகுதியே எண்ணிக்கையில் விஞ்சியது. ஆனால் அங்குள்ளவை பெரும்பாலும் ஒரே குலங்களிலிருந்து கிளைத்த நெருங்கிய சுற்றத்தார். கிழக்கிலோ பலவேறு குலங்கள் கலந்திருந்தமையால், எண்ணிக்கையைக் கொண்டு எதிர்பார்த்ததற்கு அதிகமான கொடிவழிப் பன்மை அங்கே வெளிப்பட்டது. தலைக்கணக்கை மட்டும் நம்பியவர் கிழக்கைக் குறைவாக மதித்திருப்பார்.

நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இத்தகைய தனிவம்சம் ஒன்று உண்டு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, கறையான் தின்று, மழை தொடங்கும் சில நாட்களில் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளிவரும் ஊதாநிறத் தவளை அது. ஆண்டுக்கொரு முறை தலைகாட்டுவதால் கேரளத்தில் அதனை மகாபலித் தவளை என்றும் சொல்வதுண்டு. 2003இல் பிஜு, பொஸ்ஸுயிட் என்ற ஆராய்ச்சியாளர்கள் அதனை அறிவியல் உலகுக்கு அறிவித்தபோது, அதற்காகவே ஒரு புதிய குடும்பத்தை வகுக்க நேர்ந்தது. அதன் நெருங்கிய உறவினர் இந்தியாவில் எங்கும் இல்லை. கடல் கடந்த சேஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றனர். இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்த காலத்துக்கு அந்த உறவு நம்மை அழைத்துச் செல்கிறது.

2017இல் மற்றொரு செய்தி வந்தது. மலையின் கீழைச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வனப்பகுதியில், வடகிழக்குப் பருவமழையில் இனம் பெருக்கும் இத்தவளைகள் தனி இனமாக வர்ணிக்கப்பட்டு, மறைந்த ஆராய்ச்சியாளர் பூபதியின் பெயரைப் பெற்றன. தலைக்கணக்கில் ஒன்று இரண்டாயிற்று. வம்சக் கணக்கிலோ, நீண்ட ஒரு கிளையின் நுனியில் சிறு கொழுந்து ஒன்று கூடியதே விசேஷம். ஆனால் அதுவரை ஒரே வாரிசை நம்பியிருந்த அந்த நெடுங்கிளைக்கு இப்போது வாரிசுகள் இருவர்; ஒன்று நலிந்தாலும் வம்சம் அறாது. ஆகையால் இரண்டு கணக்கும் நமக்கு வேண்டும்: எதை இழந்தால் ஈடில்லை என்பதை வம்சக் கணக்குச் சொல்லும், அதை இழக்காதிருக்க இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதைத் தலைக்கணக்கே சொல்லும்.