கடினப்பந்தும் கைச்செலவும்

மாலை நான்கு மணியாகிவிட்டால் வன்னியில் பந்து உருளாத கிராமத்தைக் காண்பது அரிது. கிளிநொச்சிப் பக்கத்துக் குளக்கரை வெளிகளிலும், முல்லைத்தீவின் கடலோர மணற்பரப்பிலும், வவுனியாவில் அறுவடை முடிந்த வயல்களிலும் மூன்று தடிகளை நட்டுவிட்டுப் பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிடுவார்கள். கடையில் வாங்கிய துடுப்பு இல்லாவிட்டால் தென்னை மட்டை இருக்கிறது. பந்து ஒன்றுதான் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதையும் பத்துப் பேர் சேர்ந்து வாங்கிவிடுகிறார்கள்.

இவ்வாறு ஆடப்படுவது மென்பந்துக் கிரிக்கெட். ஊர்க் கழகங்களுக்கிடையே சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. ஒலிபெருக்கி கட்டி வருணனையும் செய்கிறார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் பாடசாலை அணி, மாவட்ட அணி, மாகாண அணி, தேசிய அணி என்று மேலே செல்லும் படிகள் யாவும் கடினப்பந்தில் அமைந்தவை. மென்பந்தில் ஊரே மெச்ச ஆடுகின்ற சிறுவன் அந்த முதற் படியில் கால் வைக்க முடியாமல் நின்றுவிடுகிறான். அவனைத் தடுப்பது திறமைக் குறைவன்று, செலவு. அந்தச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

இதற்கு மறுப்பாகச் சிலர் உடனே இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். காலிக்கு அண்மையிலுள்ள இரத்கமவில் மென்பந்து எறிந்து வளர்ந்த லசித் மாலிங்க, பதினேழு வயதளவில் பயிற்றுநர் சம்பக்க ராமநாயக்கவின் கண்ணிற்பட்டு உலகப் புகழ் பெறவில்லையா? சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் ஏறத்தாழ இருபது வயதுவரை ரென்னிஸ் பந்தில் ஆடிய தங்கராசு நடராஜன், 2020ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அணிக்கு ஆடவில்லையா? ஆடினார்கள். ஆனால் இருவரையும் கைபிடித்துத் தூக்கிவிட ஒருவர் இருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். நடராஜனுக்கு அவ்வூர் ஜெயப்பிரகாஷ் வாய்த்தார். அந்த நன்றியையும், தான் பட்ட பாட்டையும் மறவாத நடராஜன் தம் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்து, 2023ஆம் ஆண்டு ஜூனில் அதைத் திறந்துவைக்கச் செய்தார். அதிர்ஷ்டத்தால் மேலே வந்தவர் அடுத்தவனை அதிர்ஷ்டத்தை நம்பி நிற்க விடவில்லை.

மேலும் அவ்விருவரும் பந்துவீச்சாளர்கள் என்பது தற்செயல் அன்று. பந்துவீசக் கையும் தோளும் போதும். துடுப்பெடுத்து ஆடுபவனுக்கோ துடுப்பு, கால்காப்பு, கையுறை, தலைக்கவசம் எல்லாம் வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை பந்துவீச்சாளனாக வரலாம், துடுப்பாட்டக்காரனாக வருவது கடினம் என்னும் நிலை இதனாலேயே உண்டாகிறது.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கிய போட்டியை இன்றும் ஆடிவருகின்றன. மத்திய கல்லூரியிலிருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார். 2023இல் இலங்கைக்காக ஆடினார். அவரது உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நூறாண்டு கடந்த மரபுள்ள பாடசாலையில் அண்ணன் கழற்றிய காப்பைத் தம்பி கட்டிக்கொள்ளலாம். வன்னியிலோ போரும் மீண்டும் மீண்டும் வந்த இடப்பெயர்வும் வீட்டுக் கூரையைக்கூட விட்டுவைக்கவில்லை. விளையாட்டு அறையின் அலுமாரியையா விட்டுவைக்கும்? 2009இற்குப் பிறகு பல இடங்களில் கண்ணிவெடி அகற்றிய பின்னரே நிலத்தில் கால் வைக்க முடிந்தது. 2012ஆம் ஆண்டு முத்தையா முரளிதரனின் பெயரால் நல்லிணக்கக் கிண்ணப் போட்டிகள் கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் முதலிய இடங்களில் நடந்தபோது, தெற்குப் பாடசாலைப் பிள்ளைகளோடு கடினப்பந்தில் நின்று ஆடும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அத்தகைய நாட்கள் ஆண்டில் சில. மற்ற நாட்களுக்கு என்ன செய்வது?

முதலிற் கணக்குப் பார்ப்போம். கடினப்பந்து ஆட்டம் என்றதும் பதினொரு பிள்ளைகளுக்கும் பதினொரு தொகுதி உபகரணம் வேண்டும் என்று பெற்றோரும் ஆசிரியரும் மலைத்துப் போகிறார்கள். ஆட்டம் நடக்கும்போது களத்தில் நிற்கும் துடுப்பாட்டக்காரர் இருவர். அடுத்து இறங்கக் காத்திருப்பவர் ஒருவர். எதிரணியின் விக்கெட் காப்பாளர் ஒருவர். ஆக, இருபத்திரண்டு பேர் ஆடும் ஆட்டத்துக்கு நான்கு சோடிக் கால்காப்புப் போதும். ஆட்டமிழந்து வருபவர் கழற்ற, அடுத்தவர் கட்டிக்கொள்கிறார். துடுப்பும் அவ்வாறே. ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டியது இடுப்பின் கீழ் அணியும் சிறு காப்பு ஒன்றுதான். சுகாதாரம் கருதி அதை மட்டும் பகிரலாகாது. அதன் விலையும் மிகப் பெரிதன்று.

உடையைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை என்றால் அது நம் நாட்டு மேல்வகுப்பு மாணவரின் பாடசாலை உடையே. பயிலுகிறவனுக்கு வேறு தனியுடை எதற்கு? செம்மண் கறையைக் கழுவும் தாய்மார் நம்மீது கோபங்கொள்வார்கள் என்பது தெரியும். பழைய சட்டை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தால் அவர்களும் தப்பலாம்.

துடுப்பு வாங்கும்போது நம்மவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. தீபாவளிச் சட்டையைப்போல, ‘வளர வளர அளவாகிவிடும்’ என்று பெரிய துடுப்பாக வாங்கிக் கொடுப்பார்கள். சட்டை தொளதொளவென்று இருந்தால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். துடுப்புப் பாரமாக இருந்தாலோ பிள்ளை அதைத் தூக்கமாட்டாமல் கைகளை வளைத்து ஆடப் பழகிவிடுவான்; பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். வயதுக்கேற்ற சிறு அளவுகள் கடைகளில் உண்டு. காஷ்மீர் வில்லோ மரத்தாலானவை இங்கிலாந்து வில்லோ மரத்தாலானவற்றைவிட மிகவும் மலிவு. தொடங்குபவனுக்கு அதுவே தாராளம்.

உண்மையிற் பணத்தை விழுங்குவது துடுப்பன்று, பந்து. துடுப்பு சில ஆண்டு நிற்கும். தோற்பந்தோ சீமெந்துத் தரையிற் பட்டால் ஒரு மாலைக்குள் தோலுரிந்து போகும். இந்தச் சங்கடம் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பெயின்ற்போல் என்றொரு விளையாட்டு உண்டு. வனத்தில் மரங்களுக்கும் பண்ணையில் மாடுகளுக்கும் அடையாளமிட உருவாக்கிய ஒரு கருவியைக் கொண்டு, 1981ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் பன்னிரண்டு பேர் காட்டுக்குள் முதன்முதலாக அதை ஆடினார்கள். துப்பாக்கி வடிவிலான எதுவும் வன்னியில் விளையாட்டுப் பொருளாக வருவதை நாம் விரும்பமாட்டோம், அது வேறு. நாம் கவனிப்பது அதன் செலவை. அங்கும் கருவியைவிடச் சாயக்குண்டே தொடர்ந்து காசைக் கரைக்கிறது. அதனால் புதியவர்களுக்குக் கருவியையும் முகக்கவசத்தையும் மைதானமே வாடகைக்குக் கொடுக்கிறது. ஒருவர் இத்தனை குண்டுகளே கொண்டுவரலாம் என்று வரையறுத்து ஆடும் முறையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் ஆட்டத்தில் வென்ற வனத்தொழிலாளர் ஒரு குண்டைக்கூடச் செலவிடவில்லை. மறைந்து மறைந்து நடந்தே கொடிகளை எடுத்துவிட்டார்!

நம் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு வழிகளும் ஏற்றவை: கருவியைப் பொதுவில் வைத்தல், பந்தைச் சிக்கனமாக்கல். சீமெந்துத் தளத்தின்மேல் தும்புப் பாயை இழுத்துக் கட்டினால் பந்தின் ஆயுள் நீளும். அது எழும்பும் விதமும் ஒரு சீராகும். புற்றரை ஆடுகளத்துக்குக் களிமண்ணும், உருளையும், தினமும் நீரும், அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் குடிநீருக்கே கிணற்றை எட்டிப் பார்க்கும் ஊர்களில் அதை முதலில் நினைப்பது வீண். வேலையை ஆடுகளம் இல்லாமலே தொடங்கவும் முடியும். பழைய பந்தைக் காலுறையில் இட்டு வேப்பங்கிளையில் தொங்கவிட்டால் நேர் துடுப்பால் அடிக்கப் பழகலாம். டொன் பிராட்மன் சிறுவயதில் தண்ணீர்த் தாங்கியின் அடித்தளத்தில் கோல்ப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு விக்கெட் தடியால் அடித்தே பழகினார். தண்ணீர்த் தாங்கிக்கு நம்மிடம் பஞ்சமா?

மென்பந்துக்கும் கடினப்பந்துக்கும் நடுவே ஒரு படியும் வைக்கலாம். கராச்சி வீதிகளில் ரென்னிஸ் பந்தின்மேல் மின்சார நாடாவைச் சுற்றி ஆடுகிறார்கள். பாரம் சற்றுக் கூடுகிறது; வேகமும் வளைவும் பழகுகின்றன; செலவோ நாடாவின் விலைதான். அதற்குப் பின் சிறு தோற்பந்து. முழு அளவான பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு உரிய பந்து 133 முதல் 144 கிராம் வரையே. ஊரிற் பலர் இப்படியொரு பந்து உண்டென்பதையே அறியாமல், சிறுவர் கையிலும் பெரியவர் பந்தைக் கொடுத்துவிட்டு, ‘பயந்தவன்’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

ஆட்ட முறையையும் மாற்றியாக வேண்டும். மல்லாவியிலிருந்தோ செட்டிகுளத்திலிருந்தோ வான் பிடித்து வந்த ஒரு சிறுவன், முதற் பந்திலேயே ஆட்டமிழந்து, மரநிழலில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்து வீடு திரும்புகிறான். அவன் தந்தை கொடுத்த வான் கூலிக்கு அவன் பெற்றது ஒரு பந்து. அவுஸ்திரேலியாவிற் சிறுவருக்கு ஆடுகளத்தை 20 மீற்றரிலிருந்து 16 மீற்றராகக் குறைத்து, ஓரணிக்கு ஏழு பேராக ஆடுகிறார்கள். எல்லாருக்கும் துடுப்பும் பந்தும் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் இருவர் சோடியாகக் குறித்த ஓவர்களை ஆடி முடிக்கும் முறையொன்று உண்டு: ஆட்டமிழந்தால் ஓட்டம் குறையும், ஆனால் வெளியேற வேண்டியதில்லை. ஏழு பேர் அணி என்றால் உபகரணமும் குறையும். ஒரே வானில் இரு அணியும் வந்துவிடலாம்.

சிக்கனம் பேசிய நாம் ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்கிறோம். தலைக்கவசம். 2014ஆம் ஆண்டு நவம்பரில் அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் சிட்னியில் கழுத்திற் பந்து பட்டு 25ஆவது வயதில் இறந்ததை உலகம் அறியும். அவர் தலைக்கவசம் அணிந்தே இருந்தார். பந்து பட்டது கவசம் மறைக்காத இடத்தில். வெடித்ததும், கம்பி வளைந்ததும், யாரோ ‘இன்னும் பாவிக்கலாம்’ என்று அனுப்பியதுமான கவசத்தைப் பிள்ளையின் தலையில் வைப்பதைவிட அன்றைக்கு மென்பந்தில் ஆடுவது மேல். இங்கிலாந்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கவசமின்றிக் கடினப்பந்தை எதிர்கொள்ள முடியாது. துடுப்புக்கு அருகில் சிறுவரைக் களத்தடுப்புக்கு நிறுத்தலாகாது என்ற விதியும் அங்குண்டு. இவ்விதியைப் பின்பற்ற ஒரு சதமும் செலவில்லை.

பணம் எங்கிருந்து வரும்? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பழைய மாணவர் அனுப்புகிறார்கள், நன்றி. ஆனால் அனுப்புவோர் பெரும்பாலும் ஒரே முறை, ஒரு பாடசாலைக்கு, முழுத் தொகுதியாக அனுப்புகிறார்கள். அடுத்த ஆண்டு பந்து தீர்ந்துவிடும். துடுப்புகள் அலுமாரிக்குள் அழகாக இருக்கும். ஆண்டுதோறும் சில பெட்டிப் பந்து அனுப்புவது படம் பிடித்துப் போட ஏற்றதாக இராது, பயன் அதிலேதான். சுற்றுப்போட்டி நடத்தும் கழகத்தாருக்கும் ஒன்று கூறலாம். வெல்லும் பிள்ளையைவிட உயரமான கிண்ணங்களை நாம் மேடைகளிற் கண்டிருக்கிறோம். அந்தக் கிண்ணத்தைப் பாதியாகக் குறைத்து மீதிக்குப் பந்து வாங்கிப் பரிசளித்தால், தோற்ற அணிக்கும் ஏதாவது கிடைக்கும். 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நல்ல செய்தி. அங்கு ஆடப்போகிறவர்களுள் ஒருவர் இன்று முள்ளியவளையில் கால்காப்புக்குக் காத்திருக்கக்கூடும்.

‘ஒருவர்’ என்று சொன்னதில் பெண் பிள்ளைகளும் அடங்குவர். 2024ஆம் ஆண்டு ஜூலையில் தம்புள்ளையில் இலங்கை மகளிர் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றார்கள். மகளிர் பந்து 140 முதல் 151 கிராம் வரை, உபகரணம் அதேதான். ஆண் பிள்ளைகள் ஆடி முடித்த பிறகு என்றில்லாமல், வாரத்தில் இரண்டு நாள் அவர்களுக்கென்று குறித்துவிட்டால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

நூலகத்திற் புத்தகம் எடுப்பதுபோல, ஒரு கல்வி வலயத்துக்கு ஒரு பொதுத் தொகுதி, ஒரு பதிவேடு. எடுத்துச் செல்லும் பாடசாலை கையெழுத்திட்டு எடுத்து, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்குச் சனசமூக நிலையத்தின் ஓர் அறை போதும். ஆனால் ஒக்டோபரில் மழை தொடங்குமுன் பாயைச் சுருட்டி நிலம்படாமல் உயர்த்தி வைக்க வேண்டும். கால்காப்பை வெயிலிற் காயவைத்தே அடுக்க வேண்டும். ஈரத்தில் தோல் பூஞ்சணம் பிடிக்கும். காப்பின் உட்பஞ்சு எலிக்குக் கூடு கட்ட மிக வசதி. அறையின் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் கலியாண வீட்டுக்குப் போன நாளில் ஆட்டமில்லை. இரண்டு சாவி செய்து, ஒன்றை மூத்த மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.