பழைய அடிபந்தாட்ட அட்டை சேகரிப்பு

பழைய அடிபந்தாட்ட அட்டை சேகரிப்பு என்பது, பேஸ்பால் என்று அழைக்கப்படும் அடிபந்தாட்டத்தின் ஆட்டக்காரர்களது படம் அச்சிடப்பட்ட பழைய அட்டைகளைத் தேடிச் சேர்த்துப் பாதுகாக்கும் ஒரு பொழுதுபோக்கு ஆகும். அஞ்சல்தலை சேகரிப்பையும் நாணயச் சேகரிப்பையும் ஒத்த இது, ஐக்கிய அமெரிக்காவில் தோன்றி வளர்ந்தது. சிகரெட், மிட்டாய், சூயிங்கம் போன்ற பொருட்களுடன் இலவச இணைப்பாகக் கொடுக்கப்பட்ட இவ்வட்டைகளை நெடுங்காலம் பாதுகாக்க வேண்டும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. அவற்றுள் எஞ்சிய சில அட்டைகள் இன்று பல இலட்சம் டாலர்களுக்கு விற்கப்படுகின்றன.

ஓர் அட்டை அரிதானது என்பதால் மட்டும் அதன் விலை உயர்வதில்லை. ஆட்டக்காரரின் புகழ், அட்டையின் நிலை, அது திருத்தப்படாத மூல அட்டை என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

1860களிலேயே அடிபந்தாட்ட அணிகளின் ஒளிப்படங்கள் அட்டைகளில் ஒட்டி விற்கப்பட்டன. எனினும் அட்டைகள் பெருமளவில் பரவியது 1880களில் ஆகும். அக்காலச் சிகரெட் பொதிகள் மெல்லிய தாளால் ஆனவை. உள்ளே உள்ள சிகரெட்டுகள் நசுங்காமல் இருக்க ஒரு கெட்டியான அட்டை வைக்கப்பட்டது. அந்த வெற்று அட்டையில் படம் அச்சிட்டால் அதுவே விளம்பரமாகவும் அமையும் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. நியூயார்க்கைச் சேர்ந்த குட்வின் நிறுவனம் தனது ஓல்டு ஜட்ஜ் சிகரெட்டுடன் இத்தகைய அட்டைகளை வெளியிட்டது.

1890 ஆம் ஆண்டில் முன்னணிச் சிகரெட் நிறுவனங்கள் ஒன்றிணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி உருவானது. போட்டி குறைந்ததால் அட்டைகளின் தேவையும் குறைந்தது. பின்னர் 1909 முதல் 1911 வரை இதே நிறுவனம் மீண்டும் அட்டைகளை வெளியிட்டது. 1911 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் இந்நிறுவனம் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது.

அதன் பின்னர் மிட்டாய் நிறுவனங்களும், 1930களில் சூயிங்கம் நிறுவனங்களும் அட்டைகளை வெளியிட்டன. இதனால் அட்டைகள் புகைப்பவர்களின் கையிலிருந்து சிறுவர்களின் கைக்கு மாறின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பௌமன், டாப்ஸ் ஆகிய நிறுவனங்கள் போட்டியிட்டன. 1956 இல் பௌமன் நிறுவனத்தை டாப்ஸ் வாங்கியது.

வகைப்படுத்தல்

இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஜெபர்சன் பர்டிக் ஆவார். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரைச் சேர்ந்த இவர், மூட்டுவாத நோயால் பாதிக்கப்பட்டிருந்த போதிலும், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் சேகரித்தார். 1939 இல் இவர் வெளியிட்ட அட்டைப் பட்டியலில் உருவான குறியீட்டு முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகள் 'என்' என்ற எழுத்தாலும், 20 ஆம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகள் 'டி' என்ற எழுத்தாலும் குறிக்கப்படுகின்றன.

பர்டிக் தனது சேகரிப்பு முழுவதையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். அட்டைகளைத் தொகுப்பேடுகளில் ஒட்டும் பணியையும் அவரே செய்தார். அப்பணி 1963 சனவரியில் முடிந்தது. அடுத்த இரு மாதங்களில் அவர் காலமானார்.

டி206 வாக்னர் அட்டை

அரிய அட்டைகளுள் மிகவும் புகழ் பெற்றது ஓனசு வாக்னரின் டி206 அட்டை ஆகும். டி206 என்பது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட தொகுதிக்குப் பர்டிக் இட்ட குறியீடு ஆகும். இத்தொகுதியில் 500க்கும் மேற்பட்ட வெவ்வேறு அட்டைகள் உள்ளன. ஒவ்வோர் அட்டையும் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் அகலமும் 67 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது.

பிட்சுபர்க் பைரட்ஸ் அணியின் வாக்னர், அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். 1936 இல் அடிபந்தாட்டப் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வு செய்யப்பட்ட ஐவருள் இவரும் ஒருவர். தனது படத்தை வெளியிட இவர் ஒப்புதல் தராததால் இவரது அட்டை அச்சிடுதல் விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் அட்டைக்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது பரவலாகக் கூறப்படும் காரணம் ஆகும். படத்துக்கு உரிய பணம் கிடைக்காததே காரணம் என்போரும் உளர். வாக்னர் தாமே புகையிலை மெல்லும் பழக்கம் உடையவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. இன்று இவ்வட்டையின் ஏறத்தாழ 60 படிகளே அறியப்பட்டுள்ளன. 2022 இல் ஒரு படி 72.5 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

பிற அரிய அட்டைகள்

நாப் லாஜோய், 1933: பாஸ்டன் நகரின் கௌடி நிறுவனம் 1933 இல் 240 எண்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. ஆனால் 106 ஆம் எண் அட்டை மட்டும் எந்தப் பொதியிலும் இல்லை. தொகுதியை முழுமையாக்க முயன்றவர்கள் தொடர்ந்து சூயிங்கம் வாங்க வேண்டியதாயிற்று. இதனைச் சுட்டிக்காட்டி எழுதியவர்களுக்கு நிறுவனம் 1934 இல் அந்த எண்ணில் லாஜோயின் அட்டையை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பியது. கடிதத்துடன் இணைத்த கம்பிக் கவ்வியின் தடம் எஞ்சியுள்ள அட்டைகள் பலவற்றில் காணப்படுகின்றது. பிற அட்டைகளில் குறையாகக் கருதப்படும் இத்தடம், இங்கு அட்டையின் வரலாற்றுக்கே சான்றாக அமைகின்றது.

பேப் ரூத், 1914: பால்டிமோர் நியூஸ் என்ற நாளிதழ் வெளியிட்ட இவ்வட்டை, ரூத் பெரும் புகழ் அடையும் முன்னர் வெளிவந்தது. ஏறத்தாழ 10 படிகளே அறியப்பட்டுள்ளன.

மிக்கி மேண்டில், 1952: டாப்ஸ் நிறுவனத்தின் 311 ஆம் எண் அட்டை இது. இதன் விற்காத படிகள் மற்ற அட்டைகளுடன் சேர்த்து 1960 இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டப்பட்டதாக, அட்டையை வடிவமைத்த சை பெர்கர் கூறியுள்ளார். ஆயினும் இவ்வட்டை, வாக்னர் அட்டையைப் போல விரல்விட்டு எண்ணத்தக்கது அன்று. இதே வரிசையின் பல அட்டைகளை விட இது இரு மடங்கு எண்ணிக்கையில் அச்சிடப்பட்டது. மேண்டிலின் முதல் அட்டையும் இது அன்று. அது 1951 இல் பௌமன் வெளியிட்டது. எனினும் மிக நல்ல நிலையில் இருந்த ஒரு படி 2022 இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. விலைக்கு அரிதான தன்மை மட்டுமே காரணம் அன்று என்பதற்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டு எனலாம்.

தர மதிப்பீடு

அட்டையின் நான்கு மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, சட்டத்துக்குள் படம் நடுவில் அமைந்துள்ள விதம் ஆகியவற்றைக் கொண்டு அதன் நிலை கணிக்கப்படுகின்றது. தொடக்கத்தில் விற்பவரே நிலையைக் கூறி வந்ததால் பூசல்கள் எழுந்தன. 1991 இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் கட்டணம் பெற்று மதிப்பிடும் முறையைத் தொடங்கியது. இம்முறையில் அட்டைக்கு 1 முதல் 10 வரை தரப்புள்ளி வழங்கப்பட்டு, அது நெகிழி உறையில் முத்திரையிடப்படுகின்றது. ஒரு புள்ளி வேறுபாட்டால் விலை பல மடங்கு மாறுவது உண்டு. இதனால் அட்டைகளைத் திருத்தும் ஆசையும் தோன்றியது.

திருத்தப்பட்ட அட்டை

இத்துறையை உலுக்கிய நிகழ்வு, மிக நல்ல நிலையில் உள்ளதாகக் கருதப்பட்ட வாக்னர் அட்டையைப் பற்றியது ஆகும். 1991 இல் பனி வளைதடியாட்ட வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி, புரூஸ் மெக்நால் என்பவருடன் சேர்ந்து இதனை 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். பி.எஸ்.ஏ. நிறுவனம் மதிப்பிட்ட முதல் அட்டையும் இதுவே. 8 புள்ளிகள் பெற்றது. பலர் கைமாறி, 2007 இல் 28 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

சிகரெட் பொதியில் வந்த அட்டைக்கு மூலைகள் இவ்வளவு கூர்மையாக இருக்க இயலுமா என்ற ஐயம் தொடக்கம் முதலே இருந்தது. 1991 ஏலத்துக்கு முன் அட்டையை வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ என்ற ஏல நிறுவன உரிமையாளர், 2013 இல் ஒரு மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்போது இவ்வட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். தர மதிப்பீடு ஒரு நிபுணரின் கருத்து மட்டுமே, முடிந்த முடிபு அன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

போலிகளைக் கண்டறிதல்

கீழ்வரும் எளிய சோதனைகள் பயன்படுத்தப்படுகின்றன.

அளவு: அட்டை உரிய அளவை விடச் சிறியதாக இருந்தால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். ஆனால் அக்கால அச்சகங்களில் வெட்டிய அளவே சீராக இல்லாததால் இது மட்டும் போதுமான சான்று அன்று.

உருப்பெருக்கி: டி206 அட்டைகளில் பெயர் எழுத்துகள் முழு மையால் அச்சிடப்பட்டவை. ஒளிப்பட முறையில் எடுத்த நகலில் அவ்வெழுத்துகளும் நுண் புள்ளிகளாகத் தெரியும்.

புற ஊதா ஒளி: பிற்காலத் தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள் இவ்வொளியில் நீலமாக ஒளிரும். போருக்கு முந்திய தாள் அவ்வாறு ஒளிர்வதில்லை.

பாதுகாத்தல்

பழைய தாள் வெயில் பட்டால் நிறம் மங்கும், ஈரப்பதத்தால் வளையும். அட்டைகளை இரப்பர் வளையத்தால் கட்டுவது ஓரங்களைச் சிதைக்கும். பி.வி.சி. நெகிழி உறைகள் காலப்போக்கில் அட்டையைக் கெடுப்பதால், பாலியெஸ்டர் உறைகளே பரிந்துரைக்கப்படுகின்றன. அழுக்கு நீக்குதல், நிறம் தீட்டுதல் போன்றவை அட்டையின் மதிப்பைக் குறைத்துவிடும்.

1980களின் இறுதியில், அட்டைகள் முதலீடாகும் என்று நம்பிப் பலர் புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பத்திரப்படுத்தினர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டன. அனைவரும் பாதுகாத்ததால் அவை அரிதாகவில்லை. பெரும்பாலானவை இன்று விலைபோவதில்லை. பழைய அட்டைகள் அரிதானதற்குக் காரணம், அவற்றை அன்று பெரும்பாலோர் பாதுகாக்காமல் விட்டதே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

அடிபந்தாட்டம்
அஞ்சல்தலை சேகரிப்பு
நாணயவியல்