மதியம் நின்றுபோகும் சோலார் பம்ப்: பெட்டி காட்டும் டிகிரியை எப்படிப் படிப்பது?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ஆனைமலை வட்டாரத் தோப்புகளில் ஒரே மாதிரியான புகார் கேட்கும். காலையில் நன்றாகத் தண்ணீர் இறைக்கும் சோலார் பம்ப், ஒரு மணிக்கு மேல் தானாக நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானாகவே ஓடுகிறது. "வெயில் நல்லா அடிக்கிற நேரத்துலதானுங்க நிக்குது, அப்புறம் சோலார் எதுக்குங்க?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு இந்த மாதங்களில் சொட்டுநீரில் நாளைக்கு 65 லிட்டர் வரை தேவை. அது குறைந்தால் குரும்பை உதிரும். பாதிப்பு அடுத்த ஆண்டுக் காய்ப்பிலும் தெரியும்.

நிற்பது மோட்டார் கோளாறால் அல்ல. பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கண்ட்ரோலர் பெட்டி, சூடு தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. பேனலிலிருந்து வரும் நேர் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாறு மின்சாரமாக்குவது அதற்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. மாட்யூல். உள்ளங்கை அளவுக் கட்டிக்குள் சில சிலிக்கான் சில்லுகள். விநாடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுவதால் அவை சூடேறும். அந்தச் சூடு பீங்கான் தகடு வழியாக இறங்கி, பெட்டியின் பின்புறமுள்ள அலுமினிய மடிப்புகளுக்கு வந்து காற்றில் கலைய வேண்டும். வெயிலும் மின் உற்பத்தியும் உச்சத்தில் இருக்கும் நேரம் ஒன்றுதான். அதனால்தான் மதியத்தில் நிற்கிறது.

சூட்டை அளக்க மாட்யூலுக்குள்ளேயே தெர்மிஸ்டர் என்ற சென்சார் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் வகை 25 டிகிரியில் 5,000 ஓம் காட்டும். 100 டிகிரியில் 500 ஓமுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். ஒரே கம்பெனி சென்சார்களிலும் 5 சதவீதம் வரை முன்பின் இருக்கும். 100 டிகிரியில் அது சுமார் 2 டிகிரி வித்தியாசம்தான். அடுத்த தோப்புப் பெட்டி 71 காட்டுகிறது, நம்முடையது 73 காட்டுகிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சில்லில் சில நூறு வோல்ட் ஓடுவதால் சென்சாரை அதன் மேலேயே ஒட்ட முடியாது. சற்றுத் தள்ளித்தான் வைப்பார்கள். தோசைக்கல்லின் நடுவில் மாவு சிவந்துவிட்டாலும் ஓரத்தில் வெந்திருக்காதல்லவா, அதே கதை. முழுச் சுமையில் சில்லின் சூடு, சென்சார் காட்டுவதைவிட 20, 30 டிகிரிகூட அதிகமாக இருக்கலாம். மேகம் விலகிச் சட்டென்று வெயில் ஏறும்போது சில்லு உடனே சூடாகிவிடும். சென்சார் பின்தங்கித்தான் வரும். கம்பெனிகள் இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் எந்த டிகிரியில் நிறுத்துவது என்று வைத்திருக்கின்றன. சில மெக்கானிக்குகள் "சென்சார் சும்மா காட்டுதுங்க" என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடுகிறார்கள். பெட்டி எப்போதும் குளிர்ச்சியாகவே காட்டும், பம்பும் நிற்காது. ஒருநாள் மாட்யூல் வெடிக்கும்.

சென்சார் உண்மையிலேயே கெட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இரவு முழுவதும் ஓடாத பெட்டி விடியும்போது சுற்றுக்காற்றின் சூட்டுக்கு வந்திருக்கும். பம்ப் ஓடத் தொடங்கும் முன், திரை தெரிந்தவுடன் டிகிரியைப் பார்க்க வேண்டும். காற்று 24 டிகிரி, பெட்டி 25, 26 என்றால் சென்சார் சரி. அந்த நேரத்தில் 50 காட்டினாலோ, பூஜ்யத்துக்குக் கீழே காட்டினாலோ சென்சார் அல்லது அதன் ஒயர் போயிருக்கிறது. ஒயர் அறுந்தால் கடுங்குளிராகவும், ஒட்டிக்கொண்டால் கடுஞ்சூடாகவும் காட்டும்.

காலையில் சரியாகக் காட்டி மதியம் நிற்கிறது என்றால் சூடு வெளியேறவில்லை. இந்தப் பக்கத்தில் முதல் சந்தேகம் மஞ்சிப் பஞ்சுத் தூள் மேல்தான். கயிறு ஆலைகளும் உலர்களங்களும் நிறைந்த பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் அந்தத் தூள் அலுமினிய மடிப்புகளுக்குள் கம்பளி போல அடைந்துவிடும். குளவிக் கூடும் எலிக் கூடும் அடுத்தது. பெட்டி மேற்கு வெயில் படும்படி மாட்டியிருந்தால் அதுவே போதும் சூடேற. பேனலின் நிழலில், மேலும் கீழும் காற்றோட இடம்விட்டு மாற்றி மாட்டச் சொல்ல வேண்டும். மழைக்குப் பயந்து சாக்குப் போட்டு மூடுவது நல்ல எண்ணம்தான், ஆனால் பெட்டி வெந்துவிடும். விசிறி உள்ள மாடலில் விசிறி சுற்றுகிறதா என்றும் பார்க்கலாம். இத்தனையும் சரியாக இருந்தும் நின்றால், மாட்யூலுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அது சர்வீஸ்காரர் வேலை.

இன்னொன்று. பல பெட்டிகள் நிற்பதற்கு முன் மோட்டார் வேகத்தைக் குறைக்கும். திரையில் 50 ஹெர்ட்ஸ் 42, 38 என்று இறங்கும், தண்ணீரும் குறையும். கிணறு வற்றிவிட்டது என்று நினைத்து போர் ஆழப்படுத்தக் கிளம்பும் முன் அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

துப்பாக்கி போன்ற வெப்பமானியால் அளப்பவர்கள், பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராக அடித்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

சுத்தம் செய்வது அதிகாலையிலோ, பேனல் ஐசொலேட்டரை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தோதான். நிறுத்திய பிறகும் உள்ளே மின்தேக்கியில் மின்சாரம் நிற்கும். மூடியைத் திறக்காமல், வெளி மடிப்புகளை உலர்ந்த பிரஷால் தட்டினால் போதும். தண்ணீர் அடிக்கக் கூடாது.

மானியத் திட்டத்தில் அமைத்த பம்புகளுக்கு 5 ஆண்டுப் பராமரிப்பு கம்பெனியின் பொறுப்பு. நின்ற நேரம், அப்போது காட்டிய டிகிரி, திரையில் வந்த பிழை எண், விடியற்காலை டிகிரி ஆகியவற்றை நான்கைந்து நாள் எழுதிவைத்துப் புகார் செய்தால் சர்வீஸ்காரர் தட்டிக்கழிக்க முடியாது. அப்படியும் வராவிட்டால் பொள்ளாச்சியிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் அதே தாளைக் கொடுக்கலாம்.