தலை மேலே, கால் கீழே! தெரியுமா?

"தலை திரும்பிடுச்சா?" வளைகாப்பு முடிந்த கையோடு பெங்களூரு காக்ஸ் டவுன் பாட்டிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஏழாம் மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்குத் தலை மேலேதான் இருக்கும், தெரியுமா? பிரசவ நேரத்திலோ நூற்றுக்கு மூன்று, நான்குதான்! மற்றதெல்லாம் உள்ளேயே குட்டிக்கரணம் போட்டுவிடும்!

திரும்பாத குழந்தை எப்படி உட்கார்ந்திருக்கும் தெரியுமா? பெரும்பாலும் பிட்டம் கீழே, இரண்டு காலும் நேராக மேலே, கட்டைவிரல் காதுக்குப் பக்கத்தில்! பிறந்து சில நாள் வரை காலை அப்படியே தூக்கி வைத்திருக்கும் சுட்டிகளும் உண்டு!

ஜெர்மனியின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் இப்படிப் பிறந்தவர், தெரியுமா? 1859-ல், விக்டோரியா ராணியின் மகள் வயிற்றில்! அரண்மனைப் பிரசவம்தான், ஆனாலும் இழுத்தெடுத்ததில் இடது கை நரம்பு சேதம். கை சுமார் 15 செ.மீ. குட்டை! போட்டோக்களில் பாருங்கள், கையுறையைப் பிடித்தபடி அதை மறைத்தே நிற்பார்!

ஆபத்து எங்கே? உடம்பெல்லாம் வந்த பிறகு, பெரிய தலை கடைசியில் மாட்டிக்கொள்ளலாம். கால் முதலில் இறங்கினால் தொப்புள்கொடியே முன்னால் நழுவலாம்!

2000-ல் 26 நாடுகளில், குழந்தை திரும்பாத 2,088 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. குழந்தை இறப்பு அல்லது கடும் பாதிப்பு: முன்கூட்டியே சிசேரியன் முடிவு செய்தவர்களில் 1.6 சதவீதம், சுகப்பிரசவத்துக்குக் காத்திருந்தவர்களில் 5! நெதர்லாந்தில் இரண்டே மாதத்தில் இப்படிப்பட்ட சிசேரியன் 50-லிருந்து 80 சதவீதமாகத் தாவியது! ஆனால் இரண்டு வயதில் பார்த்தபோது இரு பக்கக் குழந்தைகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை!

கத்தியே வேண்டாமா? 37-வது வாரத்தில், வயிற்றின் மேல் கை வைத்தே டாக்டர் குழந்தையைத் திருப்பிப் பார்க்கலாம். சுமாராகப் பாதிப் பேருக்குப் பலிக்கும்! ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வீட்டில் எண்ணெய் தடவி அமுக்குவது வேண்டவே வேண்டாம்!

சிவாஜிநகர் கோஷா ஆஸ்பத்திரி காக்ஸ் டவுனிலிருந்து ஆட்டோ தூரம்தானே? பர்தா அணிந்த பெண்களுக்கென்றே ஹாஜி சர் இஸ்மாயில் சேட் பெயரில் வந்தது.

2019-21 கணக்கில் கர்நாடகத்தின் மொத்தப் பிரசவங்களில் சிசேரியன் 31.5 சதவீதம். தமிழ்நாட்டில்? 44.9!

நாள் குறிக்கப் பஞ்சாங்கம் புரட்டுகிறீர்களா? 39 வாரம் முடிந்த பிறகு வரும் நாட்களில் நட்சத்திரம் தேடிக்கொள்ளுங்கள். அதற்காக 37-லேயே எடுக்கச் சொன்னால், நட்சத்திரம் எவ்வளவு நல்லதானாலும் குழந்தை மூச்சுக்குத் திணறலாம்!

இன்னொன்று தெரியுமா? தேதி குறித்த பிறகும் சில குழந்தைகள் கடைசி நேரத்தில் திரும்பிவிடும்! அதனால் ஆபரேஷன் அன்று காலையில், தியேட்டருக்குள் போகும் முன், இன்னொரு ஸ்கேன் கேட்டு வாங்குங்கள்!